மறுமொழி: 'லேண்ட்லாக்டு' நாட்டுக்குத் தமிழ்ச்சொல் (பக்கத்து நாட்டுக்கும் ஒன்று வேண்டும்)

எல்லோருக்கும் வணக்கம்.

கடற்கரையே இல்லாமல் நாலு பக்கமும் நிலத்தால் சூழப்பட்ட நாட்டைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற இழை நீண்டுகொண்டே போகிறது, நானும் என் பங்குக்கு நீட்டுகிறேன். முதலில் ஒவ்வொரு பரிந்துரையாக.

> 'நிலம்சூழ் நாடு' உயிரில்லாத சொல். 'நிலப்பூட்டு நாடு' என்று சொன்னால்தான் அடைபட்டுக் கிடக்கும் வலி தெரியும்.

வலி தெரியும்தான் ஐயா, ஆனால் அந்த வலி எல்லோருக்கும் இல்லையே. சுவிட்சர்லாந்துக்கு யார் பூட்டுப் போட்டது? பாசல் நகரத்தில் ரைன் ஆற்றங்கரையில் துறைமுகம் வைத்திருக்கிறார்கள், அங்கே ஏற்றிய சரக்கு ஆற்றோடு போய் ரோட்டர்டாமில் கடலைப் பிடித்துவிடும். ரைனில் கப்பல் விடும் உரிமை பற்றிய பேச்சு 1868 மான்ஹைம் உடன்படிக்கையோடு பெரும்பாலும் முடிந்துபோன ஒன்று. உலகத்தின் மிகப் பெரிய கொள்கலன் கப்பல் நிறுவனமான எம்.எஸ்.சி.க்குத் தலைமையகம் எங்கே தெரியுமா, ஜெனீவா. இவர்களைப் போய்ப் பூட்டப்பட்டவர்கள் என்றால் சிரிப்பார்கள்.

பொலிவியாவுக்கு அந்தச் சொல் பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன். 1879-இல் தொடங்கிய போரில் அந்தோபகஸ்தா கரையைச் சிலியிடம் இழந்தார்கள், 1904-இல் அதை ஏற்று ஒப்பந்தமும் போட்டார்கள். இன்றும் மார்ச் 23 அங்கே 'கடல் நாள்'. கடல் இல்லை, கடற்படை இருக்கிறது, டிட்டிகாக்கா ஏரியில் பயிற்சி நடக்கிறது. தங்கள் நிலையைச் சொல்ல அவர்கள் எடுத்தாளும் ஸ்பானியச் சொல்லுக்கே மடத்துக்குள் அடைத்துவைத்தல் என்பதுதான் வேர்ப்பொருள். அது ஒரு நாட்டின் வரலாறு. புவியியல் கலைச்சொல்லில் அதை ஏற்றினால் மற்ற 43 நாடுகளும் சேர்ந்து சுமக்க வேண்டிவரும்.

> 'கடலடை நாடு' எப்படி? சுருக்கமாக இருக்கிறது.

கடல் வந்து அடைத்துக்கொண்ட நாடு என்றுதான் எனக்குப் படுகிறது. மாலத்தீவுக்கு வேண்டுமானால் கொடுக்கலாம்.

> 'கரையிலி', 'துறையிலி' இரண்டில் ஒன்றை எடுப்போம்.

கஜகஸ்தானுக்குக் கரை இருக்கிறது, காஸ்பியன் கரை. அக்தாவ் என்று துறைமுகமும் இருக்கிறது. ஆனால் காஸ்பியன் உலகக் கடலோடு சேராத நீர், அதனால் அது இந்தப் பட்டியலில்தான் வரும். ஆகவே கரையும் துறையும் உள்ள நாடு கரையிலியாகவும் துறையிலியாகவும் ஆகிவிடும். இதுபோக 'துறையிலா நாடு' என்றதும் நம் ஊர்க்காரர்களுக்குத் துறை இல்லாத அமைச்சர்தான் நினைவுக்கு வருவார்.

என் கருத்து: 'நிலம்சூழ் நாடு' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, நிலப்படத்தைப் பார்த்ததும் புரிகிறது, 'கடல்சூழ்' என்று நாம் எப்போதோ சொல்லப் பழகியதற்குச் சரியான எதிர்ப்பக்கமாகவும் நிற்கிறது. அதை அப்படியே விட்டுவிடுவோம். உஸ்பெகிஸ்தான், லீக்டென்ஸ்டைன் இரண்டும் நிலம்சூழ் நாடுகளாலேயே சூழப்பட்டவை, கடலைப் பார்க்க இரண்டு எல்லையாவது தாண்ட வேண்டும். அவற்றை 'இருமடி நிலம்சூழ் நாடு' என்று சொன்னால் போதும்.

நமக்கு இல்லாத சொல் வேறொன்று. நிலம்சூழ் நாட்டுக்கும் கடலுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறதே, அந்த நாட்டுக்கு என்ன பெயர்? இவ்வளவு மடல்களில் யாருமே அதைத் தொடவில்லை. ஒரு நாட்டின் விலைவாசியிலிருந்து சமையலறை வரை பாதிப்பது கடல் இல்லாததை விட, நடுவில் யார் இருக்கிறார்கள், அவர்களோடு உறவு எப்படி என்பதுதான். ஒரு பக்கத்துக்கு மட்டும் பெயர் வைத்துவிட்டு உறவைப் பற்றி எப்படி எழுதுவது?

நேபாளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கொல்கத்தாவில் இறங்கும் கொள்கலன் ஏறக்குறைய 700 கி.மீ. ரயிலில் வந்து இந்திய எல்லை ஊரான ரக்சௌல் வழியாக நேபாளத்துப் பீர்கஞ்ச் உலர் துறைமுகத்தில் (கடலோரம் இல்லாமல் உள்நாட்டில் சரக்கைக் கையாளும் நிலையம்) நிற்கும். வடக்கே சீனாவின் துறைமுகங்களும் காகிதத்தில் திறந்திருக்கின்றன, 2019-இல் நெறிமுறை கையெழுத்தானது, ஆனால் தியான்ஜின் எங்கே காட்மாண்டு எங்கே, நடுவில் இமயமலையே நிற்கிறது. 1989-இல் வணிக, போக்குவரத்து ஒப்பந்தங்கள் காலாவதியானபோது இந்தியா பெரும்பாலான எல்லை வழிகளை மூடியது. 2015 செப்டம்பரில் மறுபடியும். அந்த ஏப்ரலில்தான் நிலநடுக்கம், புதிய அரசியலமைப்பு வந்த கையோடு தெற்குச் சமவெளியில் வாழும் மாதேசி மக்களின் போராட்டம், ரக்சௌல்-பீர்கஞ்ச் நடுவிலுள்ள மிதேரி பாலத்தில் போராட்டக்காரர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். இந்தியாதான் தடை போட்டது என்றது நேபாளம், உங்கள் பக்கத்துப் போராட்டத்தால் லாரி போக முடியவில்லை என்றது இந்தியா. எது எப்படியோ, காட்மாண்டுவில் சமையல் எரிவாயு சிலிண்டரைப் பாதி மட்டும் நிரப்பிக் கொடுத்தார்கள். மாடி வீட்டுக்காரர்கள் விறகு தேடினார்கள், மின்சார அடுப்பு விற்பனை எகிறியது, அதுவும் மின்வெட்டு இருந்த ஊரில். அதன் பிறகுதான் விசாகப்பட்டினத்தையும் பயன்படுத்தலாம் என்று ஏற்பாடானது, 2019-இல் மோதிஹாரியிலிருந்து அம்லேக்கஞ்சுக்கு எண்ணெய்க் குழாயும் வந்தது. இத்தனை கதையிலும் 'நிலம்சூழ்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் பாதியைத்தான் சொல்ல முடிகிறது.

நடுவில் இருப்பது நாடாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த கதை தகாலி மக்களுடையது. தௌலகிரிக்கும் அன்னபூர்ணாவுக்கும் நடுவே காளி கண்டகி ஆறு வெட்டிய பள்ளத்தாக்கில் இருப்பவர்கள். திபெத்து ஏரி உப்பு வடக்கிலிருந்து யாக் முதுகிலும் ஆட்டு முதுகிலும் வரும், தெற்கிலிருந்து நெல்லும் தானியமும் ஏறும், இரண்டும் கைமாறும் இடம் துகுசே. சுங்கம் வசூலிக்கும் குத்தகையும் அவர்களில் சில குடும்பங்களின் கையில் இருந்தது. போகிறவர் வருகிறவருக்கு எல்லாம் அந்த வீடுகளில்தான் சோறும் படுக்கையும். பிறகு 1950-களின் முடிவில் திபெத்து எல்லை இறுகியது, தெற்கிலிருந்து இந்தியக் கடல் உப்பு மலிவாக ஏறி வந்தது, உப்பு வணிகம் படுத்துவிட்டது. அவர்கள் என்ன செய்தார்கள்? பொக்காராவுக்கும் காட்மாண்டுவுக்கும் இறங்கி உணவு விடுதி போட்டார்கள். இன்றைக்கு நேபாளத்தில் எந்த ஊருக்குப் போனாலும் 'தகாலி' என்று பலகை மாட்டிய சாப்பாட்டுக் கடை ஒன்று இருக்கும். பருப்பு, சோறு, கீரை, குந்த்ருக் (புளிக்கவைத்து உலர்த்திய கீரை) ஊறுகாய் எல்லாம் ஒரே பித்தளைத் தட்டில், பருப்பும் சோறும் கேட்கக் கேட்கப் போடுவார்கள். வழியில் உட்கார்ந்திருந்ததால் பிறந்த விருந்தோம்பல், வழி மூடியதும் தொழிலாகிவிட்டது.

எத்தியோப்பியா-ஜிபூட்டி இன்னொரு தினுசு. 1993-இல் எரித்திரியா தனி நாடானதும் எத்தியோப்பியாவுக்குக் கடல் போயிற்று, 1998 போரோடு அசாப் துறைமுகமும் கைவிட்டுப் போனது. இப்போது பத்துக் கோடிக்கு மேல் மக்கள் உள்ள நாட்டின் சரக்கில் பெரும்பகுதி பத்து லட்சம் பேர் உள்ள ஜிபூட்டி வழியாகத்தான். பெரியவன் சின்னவனைச் சார்ந்திருக்கிறான் என்று பார்த்தால், ஜிபூட்டியின் பிழைப்பே அந்தச் சரக்கை நம்பித்தான். எதிர்த்திசையில் எத்தியோப்பிய மேட்டுநிலத்திலிருந்து தினமும் காட் இலை வரும், மென்றால் கிளர்ச்சி தரும் இலை. பறித்து ஓரிரு நாளில் வீரியம் போய்விடும் என்பதால் அன்றன்றைக்கு வந்தாக வேண்டும். நடுப்பகலில் வண்டி வந்ததும் சாலையோரம் பெண்கள் ஈரச் சாக்குக்குள் கட்டுக் கட்டாக வைத்து விற்பார்கள், பிற்பகலில் ஊரே மென்றுகொண்டிருக்கும். ஒரு நகரத்தின் அன்றாட நேரஅட்டவணையை அண்டை நாட்டு மலை முடிவு செய்கிறது.

இனி சொல்லுக்கு வருகிறேன். 1982 ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையில் 124-ஆவது பிரிவு நிலம்சூழ் நாடு, நடுவிலுள்ள நாடு இரண்டையும் அடுத்தடுத்து வரையறுக்கிறது. இரண்டாவது, நிலம்சூழ் நாட்டுக்கும் கடலுக்கும் இடையில் அமைந்து, தன் நிலத்தின் வழியே சரக்கையும் ஆளையும் போகவிடும் நாடு. அதற்குக் கடற்கரை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று தெளிவாகவே சொல்கிறது. உஸ்பெகிஸ்தானுக்கு வழி கொடுக்கும் கஜகஸ்தானும் நிலம்சூழ் நாடுதானே. அதனால் 'கடல்நாடு', 'கரைநாடு' போன்றவை உதவாது.

முதலில் 'வழிநாடு' என்று யோசித்தேன், கேட்க அழகு. ஆனால் வழிநூல், வழித்தோன்றல் என்ற வரிசையில் போய் நின்று ஒன்றிலிருந்து பிறந்த நாடு என்ற பொருள் வந்துவிடுகிறது. 'போக்குவரத்து நாடு' என்றால் பேருந்து நினைவு. என் பரிந்துரை கடவு நாடு. கடவுச்சீட்டு, கடவுச்சொல் எல்லோருக்கும் தெரியும், கடந்து போக விடுவது என்ற பொருள் அதிலேயே இருக்கிறது. கிளையும் நன்றாக விடுகிறது: கடவு ஒப்பந்தம், கடவுச் சரக்கு, கடவுப் பாதை, கடவுரிமை. அதே உடன்படிக்கையின் 127-ஆவது பிரிவுப்படி கடவுச் சரக்கின் மேல் சுங்கமோ வரியோ போடக் கூடாது, செய்த சேவைக்கு மட்டும் கட்டணம் வாங்கலாம். சுங்கம் வேறு, கடவுக் கட்டணம் வேறு. இதைப் பிரித்துச் சொல்ல இதுவரை நான் நாலு வரி எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆட்சேபம் இருந்தால் எழுதுங்கள்.

---

தம்பி, வணக்கம்.

எங்கள் பக்கம் பாதசாரிக் கடவை, புகையிரதக் கடவை என்பது தெருவில் பலகையிலேயே இருக்கும். 'கடவை' என்றால் குறுக்கே கடக்கும் இடம். 'கடவு நாடு' என்று வாசித்தவுடன் யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளைக்கு, கடக்கிற நாடா, கடக்க விடுகிற நாடா என்று ஐமிச்சம் வரும். 'கடவளி நாடு' என்று ஒரு 'அளி'யைச் சேர்த்தால் என்ன? மற்றபடி கடவு ஒப்பந்தம், கடவுரிமை இரண்டும் மிக நன்று, எடுத்துக்கொள்ளலாம்.

---

ஐயா, ஐமிச்சம் நியாயமானதுதான். ஆனால் 'கடவளி'யைக் 'கட வளி' என்று பிரித்து, காற்று என்று படிக்கிறவர்கள் இருப்பார்கள். கடவுச்சீட்டு கடக்கிற சீட்டும் இல்லை, கடக்க விடுகிற சீட்டுதானே. அதே தடத்தில் கடவு நாடும் போகட்டும். நம் கலைச்சொல் பட்டியலில் 'நிலம்சூழ் நாடு', 'இருமடி நிலம்சூழ் நாடு', 'கடவு நாடு' மூன்றையும் ஏற்றி, மூன்றாவதற்குப் பக்கத்தில் 124-ஆவது பிரிவின் வரையறையைத் தமிழில் போட்டுவிடுகிறேன், 'கடவை'யிலிருந்து வேறுபடுத்தி ஒரு வரியும். 'உலர் துறைமுகம்' பற்றித் தனி இழை தொடங்குங்கள், எனக்கு அந்த 'உலர்' பிடிக்கவே இல்லை.