சதுரங்கப் பலகைக்கு எதிரே ஏழு மாதம்: அறிக்கையில் என்ன எழுதுவது?

கேள்வி (ஒருங்கிணைப்பாளர்):

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். சில சபைகள் சேர்ந்து நடத்தும் சிறிய வாலிபர் வழிகாட்டல் அமைப்பொன்றில் நான் பொறுப்பில் இருக்கிறேன். பதின்ம வயதுப் பிள்ளை ஒருவருக்கு ஒரு பெரியவர் என்று இணைத்து, வாரம் ஒருமுறை சந்திக்க வைப்பதே எங்கள் வேலை. காலாண்டு அறிக்கையில் நிர்வாகக் குழு மூன்று எண்களைக் கேட்கிறது: முடித்த பாடங்கள் எத்தனை, ஆராதனைக்கு வந்தவர்கள் எத்தனை பேர், இரட்சிப்பின் தீர்மானம் (இயேசுவை இரட்சகராக ஏற்கும் முடிவு) எடுத்தவர்கள் எத்தனை பேர்.

எங்கள் சகோதரர் ஒருவர் ஏழு மாதமாக ஒரு பையனைச் சந்தித்து வருகிறார். முதல் மூன்று மாதம் அவன் ‘ம்’ என்பதற்கு மேல் வாய் திறக்கவில்லை. இருவரும் சதுரங்கப் பலகைக்கு இருபுறமும் உட்கார்ந்து காய் நகர்த்தியதோடு சரி. போன வாரம், குதிரையைக் கையில் எடுத்தவன் அதை வைக்காமலேயே, யாரிடமும் சொல்லாத ஒரு விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். ஆனால் அந்தச் சகோதரரின் பெயருக்கு நேரே மூன்று கட்டங்களிலும் பூஜ்யம்தான். “பாடப் புத்தகத்தைத் தொடாத சந்திப்பு எதற்கு?” என்று குழுவில் ஒருவர் கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. உறவு என்பது பாடத்தை ஏற்றிச் செல்லும் வண்டி மட்டும்தானா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 (வாலிபர் ஊழியத்தில் நெடுநாள் இருந்தவர்):

சகோதரரே, குழுவுக்கு எண்தான் வேண்டுமென்றால் எண்ணையே காட்டுங்கள். பிள்ளைகளுக்குப் பெரியவர்களை வழிகாட்டிகளாக இணைக்கும் அமெரிக்காவின் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் அமைப்பைப் பற்றி 1995-இல் வெளியான ஆய்வில், 10 முதல் 16 வயது வரையுள்ள 959 பேரை 18 மாதம் கவனித்தார்கள். வழிகாட்டி கிடைத்தவர்கள், காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களைக் காட்டிலும் போதைப் பொருளைத் தொடங்கும் வாய்ப்பு 46 சதவீதமும், மதுவைத் தொடங்கும் வாய்ப்பு 27 சதவீதமும் குறைவாக இருந்தது. அந்த வழிகாட்டிகள் போதைக்கு எதிராகப் பாடம் எதுவும் நடத்தவில்லை. தொடர்ந்து சந்தித்துப் பழகினார்கள், அவ்வளவுதான். அது கிறிஸ்தவ அமைப்பு அல்ல என்று குழுவில் யாராவது குறுக்கிடக்கூடும். அதற்கும் வேதத்திலேயே பதில் இருக்கிறது.

எருசலேமின் சீஷர்கள் சவுலை (பின்னாளில் பவுல் என்று அழைக்கப்பட்டவர்) நம்பாமல் பயந்திருந்தபோது, அவரை அப்போஸ்தலரிடம் அழைத்துக்கொண்டு போனவர் பர்னபா. பிறகு தர்சுவுக்கே போய் அவரைத் தேடிப்பிடித்து அந்தியோகியாவுக்குக் கூட்டிவந்து, ஒரு வருஷம் முழுவதும் சபையில் அவரோடு சேர்ந்து ஊழியம் செய்தார். பின்னால் மாற்கு விஷயத்தில் அதே பவுலோடு கடுமையான வாக்குவாதம் ஏற்பட்டபோது, பாதி வழியில் விட்டுப்போன அந்த இளைஞனைக் கூட்டிக்கொண்டு பர்னபா சீப்புரு தீவுக்குக் கப்பல் ஏறினார். அங்கே என்ன நடந்தது என்று அப்போஸ்தலர் நடபடிகளில் ஒரு வரிகூட இல்லை. உங்கள் சகோதரருடைய கட்டத்தைப் போலவே அதுவும் காலி. ஆனால் தன் இளம் உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், மாற்கு ஊழியத்தில் தனக்குப் பிரயோஜனமானவன், அவனை அழைத்துக்கொண்டு வா என்று பவுலே எழுதுகிறார்.

பதில் 2 (முன்பு வழிகாட்டலில் வளர்ந்தவர்):

அண்ணா, நான் மேசையின் மறுபுறம் உட்கார்ந்திருந்தவள். எனக்கு முதலில் அமைந்த அக்கா மிகவும் உற்சாகமானவர். வந்த முதல் நாளே ஒரு வருடத்திற்கான பாடத்திட்டத்தைக் கையில் கொடுத்தார். ஐந்தாவது வாரம் அவர் வரவில்லை, காரணமும் யாரும் சொல்லவில்லை. சொன்ன நேரத்திற்குப் பத்து நிமிடம் முன்னதாகவே போய்ப் படியில் உட்காரும் பழக்கம் எனக்கு. அடுத்த இரண்டு வாரமும் அப்படியே உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். என்னிடம்தான் ஏதோ குறை என்று முடிவு கட்டிக்கொண்டேன். மூன்று மாதத்திற்குள் முறிந்துபோன உறவுகளில் பிள்ளைகளின் சுயமதிப்பு முன்பைவிடக் குறைந்தது என்று 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் பிற்பாடு படித்தபோது, அந்தப் படிக்கட்டுதான் என் நினைவுக்கு வந்தது.

இரண்டாவதாக வந்தவர் அதிகம் பேசமாட்டார். செவ்வாய்க்கிழமை எனக்குக் கணக்குத் தேர்வு என்று ஒருமுறை போகிற போக்கில் சொல்லியிருந்தேன். அடுத்த சந்திப்பில் அவர் கேட்ட முதல் கேள்வி அதைப் பற்றியதுதான். நான் சபையில் நிலைத்ததற்கு ஒரு தொடக்கம் தேடினால், அந்தக் கேள்வியைத்தான் சொல்வேன். ஆகவே உங்கள் அறிக்கையில் ஒரு கட்டத்தைச் சேருங்கள்: எத்தனை இணைகள் ஓராண்டைக் கடந்தன?

பதில் 3 (பிள்ளைகள் பாதுகாப்புப் பொறுப்பாளர்):

மேலே சொன்னவற்றோடு எனக்கு உடன்பாடே; ஆனால் உறவு, உறவு என்று பேசும் இடத்தில்தான் கண்காணிப்பு தளர்ந்துபோகிறது என்பதையும் நாம் மறக்கக் கூடாது. அன்பானவர், ஜெபிக்கிறவர், சபைக்குத் தெரிந்தவர் என்ற காரணங்களால் பின்னணி விசாரணையைத் தவிர்த்த இடங்களை நான் அறிவேன். சந்திப்பு மற்றவர் கண்ணில் படும் இடத்தில் நடக்க வேண்டும். இரவு நேரத் தனிச் செய்திகள் வேண்டாம். பெற்றோருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும் பவுல்கூட, அவனுடைய பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும்தான் முதலில் நினைவுகூருகிறார். குடும்பத்தைத் தாண்டிக்கொண்டு அவர் பிள்ளையிடம் போகவில்லை.

உங்களிடம் ஒரு கேள்வியும் உண்டு. அந்தப் பையன் சொன்னது அவனுக்கோ வேறு யாருக்கோ ஆபத்தைக் குறிக்கிற விஷயமாக இருந்தால், அது இரகசியமாக இருக்கக் கூடாது. உடனே பொறுப்பாளரிடம் போக வேண்டும். அந்தச் சகோதரருக்கு இது தெரியுமா? இன்னொன்று, அவன் தீர்மானம் எடுக்காவிட்டாலும் சந்திப்பு தொடரும் என்று யாராவது அவனிடம் சொல்லியிருக்கிறீர்களா? நிபந்தனையோடு வரும் அன்பைப் பதினைந்து வயதுப் பிள்ளை நம்மைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடும்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. சகோதரர் அன்றைக்கே என்னிடம் சொல்லிவிட்டார். ஆபத்தான விஷயம் அல்ல, பையனின் அம்மாவிடம் அவனே சொல்வதாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறான். கடைசிக் கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை: அவனிடம் நாங்கள் யாருமே அப்படிச் சொன்னதில்லை. ஓராண்டுக் கட்டத்தை அடுத்த காலாண்டு அறிக்கையில் சேர்க்கிறேன். அதற்கு முன் இந்தச் சனிக்கிழமை, ஆட்டம் தொடங்குவதற்கு முன்பாகவே, இதை அவனிடம் சொல்லிவிடும்படி சகோதரரைக் கேட்டுக்கொள்கிறேன்.