சீட் பெல்ட் போட்டும் செலான் வந்துருக்கு, யாராச்சும் வழி சொல்லுங்க

வணக்கம் மக்களே, நேத்து நைட் போன்ல மெசேஜ், பாத்தா ஈ-செலான், சீட் பெல்ட் போடலன்னு 1000 ரூபா. கிண்டி பக்கம் சிக்னல்ல எடுத்த போட்டோ. நான் சத்தியமா போட்டுதான் ஓட்டுனேன், ஆனா அன்னிக்குன்னு பாத்து கருப்பு சட்டை, பெல்ட்டும் கருப்பு, ஜூம் பண்ணா எனக்கே தெரியல!

மச்சான் என்னடான்னா "பிரச்சன நீங்க இல்ல மாமா, பின்னாடி உக்காந்த அம்மாதான்"ங்கறான். அவன் சொல்றதுலயும் விஷயம் இருக்கு, மோட்டார் வாகன சட்டத்துல 2019 திருத்தத்துல வந்த 194பி பிரிவுல பெல்ட் போடாதவங்கள ஏத்திட்டு போனாலும் அதே 1000தான், 14 வயசுக்குள்ள பசங்களுக்கும் தனியா சொல்லிருக்கு. 2022ல டாடா குழும முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி கார் ஆக்சிடெண்ட்ல இறந்தப்ப பின் சீட் பெல்ட் பத்தி ஊரே பேசுச்சு, நானும் ஆபீஸ்ல லெக்சர் குடுத்தேன், வீட்ல அத்தைகிட்ட (அதான், மச்சானோட அம்மா) சொன்னேனான்னா இல்ல. பக்கிள் வேற சீட் கவருக்கு அடியில போயி பல மாசம் ஆச்சு.

இப்ப கேள்வி இதான். அரசோட பரிவாகன் ஈ-செலான் சைட்ல புகார் குடுக்கலாமே, அப்படி குடுத்து யாருக்காச்சும் கேன்சல் ஆயிருக்கா, என்ன ப்ரூஃப் வச்சீங்க? எங்கிட்ட டேஷ்கேம் கூட இல்ல. இல்ல பேசாம கட்டிட்டு போறதுதான் நல்லதா?

இன்னொண்ணு, அத்தை உயரம் கம்மி, பெல்ட் கழுத்துல அறுக்குதுன்னு கழட்டிடறாங்க. உங்க வீட்ல பெரியவங்களுக்கு என்ன பண்றீங்க? பீப் சத்தத்த நிறுத்துற கிளிப் மட்டும் சொல்லாதீங்க ப்ளீஸ்.