டைட்ரேஷன் கோட்டின் தொடக்கம் புரியவில்லை, யாராவது விளக்குங்களேன்

வணக்கம் ஐயா, அக்கா, அண்ணன்மாரே. பினாங்கில் படிவம் 6 படிக்கிறேன். மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

டைட்ரேஷன் செய்தேன், அதாவது அமிலத்தில் காரத்தைச் சிறிது சிறிதாக விட்டு பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) மாறுவதைப் பார்த்தேன். குடுவையில் வலுக்குறைந்த அமிலமான எத்தனாயிக் அமிலம் 25 மி.லி., பியூரெட்டில் காரமான சோடியம் ஹைட்ராக்சைடு, இரண்டும் 0.1 மோலார். பிஎச் மீட்டரை 4, 7 என்று பிஎச் தெரிந்த இரண்டு பஃபர் கரைசலிலும் சரிபார்த்தேன். தொடக்கத்தில் 2.9. முதல் 2 மி.லி. விட்டதுமே எண் கிடுகிடுவென ஏறி 3.7-இல் போய் நின்றது. அப்புறம் 10-இலிருந்து 15 மி.லி. வரை சேர்த்தும் 4.6-இலிருந்து 4.9-க்குத்தான் நகர்ந்தது. 25 மி.லி.-இல் 8.7, எத்தனோயேட் அயனி நீரோடு வினைபுரிவதால் 7-ஐத் தாண்டுகிறது, அது புரிகிறது.

வலுவான அமிலமான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அதே 2 மி.லி.-க்கு 1.0-இலிருந்து 1.1-தான். எலக்ட்ரோடைக் கழுவி மறுபடி செய்தேன், அதே எண்கள். ஹெண்டர்சன் சமன்பாட்டில் (அமிலமும் அதன் உப்பும் கலந்த கரைசலின் பிஎச் கணக்கிடும் சூத்திரம்) போட்டாலும் 3.7 வருகிறது. கணக்கு சரி, காரணம்தான் பிடிபடவில்லை. டியூஷனில் கேட்டேன், "மனப்பாடம் பண்ணிக்கோ" என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

நடுவில் அவ்வளவு அசையாமல் நிற்கும் வலுக்குறைந்த அமிலம், முதல் 2 மி.லி.-இல் மட்டும் ஏன் இப்படித் தாவுகிறது? அந்த நேரத்தில் குடுவைக்குள் என்ன நடக்கிறது?