மகள் ரோமர் வரலாறு படிக்கப்போறன் எண்டு நிக்கிறாள், எங்களுக்கு அதால என்ன இருக்கு?

பரந்தன்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் பரந்தன் பக்கம், கமம் தான். மகள் ஏஎல் ஆர்ட்ஸ் படிக்கிறாள், ஆறு மாசமா லைபிரரியில ரோமர் பற்றின புத்தகமாத் தேடித்தேடி எடுத்து வாசிக்கிறாள், கம்பஸ் கிடைச்சா வரலாறு தான் செய்வனாம். போன ஞாயிறு என்ர தமையன் வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்க கேட்டார், எங்கட சனத்தின்ர கதையே ஒழுங்கா எழுதிக் கிடக்கேல்ல, ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி எங்கையோ செத்தவங்கட கதை உனக்கென்னத்துக்கு பிள்ளை எண்டு. அவள் ஒண்டும் கதைக்கேல்ல, கையைக் கழுவிப்போட்டு எழும்பிப் போயிற்றாள். எனக்கு அவளை மறிக்க விருப்பமில்ல, ஆனா அண்ணை கேட்டதும் பிழையான கேள்வி எண்டு சொல்ல ஏலாமக் கிடக்கு. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

வவுனியா_கிளார்க்:
அக்கா, நான் ஒரு சட்டத்தரணியிட்ட பதினைஞ்சு வருசமா கிளார்க்கா இருக்கிறன், எங்கட மேசைக்கு வாறதில பாதிக்கு மேல காணி வழக்கு. ரோமர் எண்டா ஆரெண்டு எனக்கு இந்த வேலைக்கு வந்தாப்பிறகு தான் தெரியும். எங்கட நாட்டின்ர பொதுச்சட்டத்துக்குப் பேரே ரோமன் டச்சுச் சட்டம். ஒல்லாந்தர் 1658இல யாழ்ப்பாணத்தைப் பிடிச்சு 1796 மட்டும் இருந்தவை, அவையோட வந்தது. ஒல்லாந்து நாட்டில 1809ஓட அதைக் கைவிட்டிட்டினம், இஞ்சயும் தென்னாபிரிக்காவிலயும் அதுக்குப் பக்கத்து நாடுகள் சிலதிலயும் தான் இன்னும் உயிரோட கிடக்கு.

ஒரு ஐயா வந்தவர், இந்தியாவில முகாமில இருபது வருசம் இருந்திட்டு. உறுதி, அதாவது சொந்தப் பத்திரம் இருக்கிற காணி, அரசாங்கம் பெர்மிட்டில குடுத்த காணி இல்ல. உறுதியைப் பொலித்தீனில சுத்தி அதை உரப்பையில வச்சுத் தைச்சு அப்பிடியே கொண்டு திரிஞ்சிருக்கிறார், மேசையில வச்சு நூலைப் பிரிக்கேக்க கை நடுங்கினது. காணியில வேற ஆக்கள் வீடு கட்டி தென்னையும் காய்க்குது, பத்து வருசத்துக்கு மேல ஆண்டிட்டம் எங்களுக்குத் தான் சொந்தம் எண்டு நிக்கினம். அந்தப் பத்து வருசக் கணக்கு 1871ஆம் ஆண்டுச் சட்டம், வெள்ளைக்காரன் எழுதினது, ஆனா ஆண்டு வந்தவனுக்கே சொந்தமாகும் எண்ட யோசனை கிமு 450 அளவில ரோமர் எழுதின பன்னிரண்டு பலகைச் சட்டத்திலயே இருக்கு. அவங்களுக்கு நிலத்துக்கு ரெண்டே வருசம் தான்.

ஆனா அதோட விடேல்ல அவங்கள். அடிச்சுப் பறிச்ச நிலம் எண்டா அது எத்தினை கை மாறினாலும், கடைசியா வாங்கினவன் ஒண்டும் தெரியாத அப்பாவியா இருந்தாலும், ஆண்டு சொந்தமாக்க ஏலாது. பயத்தில ஊரை விட்டுப் போனவன், எதிரியிட்ட பிடிபட்டுக் கிடந்தவன், இவங்கட காணியை மற்றவன் ஆண்டு எடுத்திருந்தா திரும்பி வந்து ஒரு வருசத்துக்குள்ள கேட்டால் நீதிவான் பழையபடி ஆக்கிக் குடுக்கலாம். ஜஸ்ரினியன் எண்ட அரசன் 533இல தொகுப்பிச்ச சட்டத்தில இது விபரமாக் கிடக்கு. எங்கட நாட்டில 2016இல தான் ஒரு சட்டம் வந்தது, 1983 மே 1 இருந்து 2009 மே 18 வரைக்கும் சண்டையால வழக்குப் போட ஏலாமப் போனவைக்கு அந்தக் காலத்தைக் கணக்கில எடுக்கக்கூடாது எண்டு. ஊரை விட்டு ஓடினவன்ர காணிக்கு என்ன நியாயம் எண்டு 1500 வருசத்துக்கு முந்தியே இருந்து யோசிச்சு எழுதி வச்சிருக்கிறாங்கள் எண்டு அறிஞ்ச அண்டு எனக்கு நித்திரை வரேல்ல. பிள்ளையைப் படிக்க விடுங்கோ.

இரணைமடு_கமக்காரன்:
சட்டம் எனக்குத் தெரியாது, தண்ணி தெரியும். ரோம் நகரத்துத் தண்ணிக்குப் பொறுப்பா 97ஆம் ஆண்டு புரொன்ரினஸ் எண்டு ஒருத்தரைப் போட்டவை, அப்ப நகரத்துக்கு ஒன்பது வாய்க்கால். மனுசன் வாய்க்கால் வழிய தானே நடந்து பாத்து எழுதியிருக்கிறார், எந்த வாய்க்காலில எவ்வளவு தண்ணி ஏறுது, கடைசியில எவ்வளவு போய்ச் சேருது, நடுவில எங்க காணாமப் போகுது எண்டு. கரைக்காரர் உடைச்சுத் தோட்டத்துக்கு விடினம், தண்ணி விடுற வேலைக்காரரே காசை வாங்கிக்கொண்டு ரோட்டுக்குக் கீழால களவாக் குழாய் தாட்டுக் குடுத்திருக்கினம். அதுக்கு அவையின்ர ஏற்பாடு என்னெண்டால், ஒவ்வொருத்தருக்கும் குடுக்கிற தண்ணிவாய் வெண்கலத்தில, நீளம் பன்ரெண்டு விரக்கடைக்குக் குறையக்கூடாது, அதாவது எங்கட ஒரு சாண், அளந்து முத்திரை குத்தித் தான் பூட்டலாம். ஈயமெண்டா தட்டி அகட்டிப் போடுவாங்கள், வெண்கலத்தை அகட்ட ஏலாது. சிறுபோகத்துக்கு குளத்தில தண்ணி காணாத வருசம் கடைசி வாய்க்காலில இருக்கிறவன் படுற பாடு எனக்குத் தெரியும், இதை வாசிக்கேக்க எங்கட கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில இருக்கிற மாதிரி இருந்தது.

முள்ளியவளை77:
எனக்கு உடன்பாடில்லை. அவங்கள் அடிமை வச்சிருந்தவங்கள், ஊர் ஊரா எரிச்சவங்கள், கிமு 146இல வட ஆபிரிக்காவில இருந்த கார்த்தேச் நகரத்தை இடிச்சுத் தரைமட்டமாக்கி மிஞ்சின சனத்தை அடிமையா வித்தவங்கள். எங்களை மாதிரி இடிபட்ட ஆக்கள் இடிச்சவன்ர பெருமையைப் படிக்கோணுமோ?

மாந்தை_ரீச்சர்:
தம்பி, நீர் சொன்னதெல்லாம் உண்மை. அதுக்காகத் தான் படிக்கோணும் எண்டுறன், ஏனெண்டால் அதை எங்களுக்குச் சொன்னதில கனபேர் ரோமர் தான். தசிற்றஸ் எண்டவர் ரோமில பெரிய பதவியில இருந்தவர், அவற்ற மாமனார் பிரித்தானியாவில தேசாதிபதி. அந்த மாமனாரைப் புகழ்ந்து தான் 98 அளவில ஒரு நூல் எழுதினவர், ஆனா அதுக்குள்ள எதிரிப்படைத் தலைவன் ஒருத்தனை எழுப்பிப் பேச விடுறார். கொள்ளைக்கும் கொலைக்கும் ஆட்சி எண்டு பொய்ப்பேர் வைக்கிறாங்கள், ஊரை ஆளில்லாத வெளியாக்கிப் போட்டு சமாதானம் எண்டுறாங்கள் எண்டு அவன் சொல்லுறான். வெண்ட பக்கத்தில இருந்தவர் தன்ர கையால எழுதினது இது. மீளக்குடியேற வந்த நேரம் றோட்டு வழிய பனையெல்லாம் வட்டில்லாம நிண்டது உமக்கும் ஞாபகமிருக்கும். நான் அந்த வசனத்தை முதல்முதல் வாசிச்சது அந்த வருசம். புத்தகத்தை மூடி வச்சிட்டு முத்தத்தில வந்து கன நேரம் இருந்தன்.

அக்காவின்ர தமையனுக்கு இன்னொண்டு. எங்கையோ செத்தவங்கள் எண்டுறார், மன்னார்ப் பக்கம் மாந்தைத் துறையில ரோமக்காசு எடுத்திருக்கு, தீவு முழுக்க ஆயிரக்கணக்கில. பிளினி எண்ட ரோம எழுத்தாளர் எழுதியிருக்கிறார், செங்கடலில வரி சேர்க்கிற ஒருத்தன்ர ஆள் புயலில அடிபட்டுப் பதினைஞ்சாம் நாள் இந்தத் தீவில ஒதுங்கினவனாம், அந்தத் துறை குதிரைமலை தான் எண்டு கனபேர் சொல்லுகினம். அவன் கொண்டுவந்த வெள்ளிக்காசைப் பாத்து இஞ்சத்தை அரசன் வியந்தது எதுக்குத் தெரியுமோ, காசில முகம் வேற வேற, நிறை எல்லாம் ஒண்டு. அதுக்காகவே ரோமில குளோடியஸ் அரசனிட்ட நாலு தூதுவரை அனுப்பினவனாம்.

பரந்தன்_அம்மா:
எல்லாருக்கும் நன்றி. ராத்திரி அண்ணைக்குப் போனில முழுக்க வாசிச்சுக் காட்டினன். காணிக் கதையில ரெண்டு தரம் நிப்பாட்டித் திருப்பி வாசிக்கச் சொன்னவர், எங்கட அப்பாவின்ர காணியும் அப்பிடித் தான் கிடக்கு. மகள் கிளார்க் தம்பியிட்ட ஒண்டு கேக்கச் சொன்னவள். பிடிபட்டுப் போனவனுக்குக் காணி திரும்புமெண்டா, அவன்ர மனுசி பிள்ளையள்?

வவுனியா_கிளார்க்:
தங்கச்சிக்குச் சொல்லுங்கோ அக்கா, கலியாணம் மட்டும் தானாத் திரும்பாது, ரெண்டு பேரும் திருப்பிச் சம்மதிக்கோணும். பிள்ளையளின்ர நிலை, அவன் இருக்கிறானோ இல்லையோ எண்டு தெரியும் வரைக்கும் முடிவில்லாமத் தொங்கிக்கொண்டு தான் நிக்கும், தொங்குது எண்டு தான் அவங்கட எழுத்திலயும் கிடக்கு. அவன் அங்கையே செத்தது தெரிஞ்சா, பிடிபட்ட அண்டே செத்ததா எடுத்து அவன்ர மரணசாதனத்தை நிறைவேற்றுவினம்.