குரல்வளை கேன்சர் ஸ்டேஜ் 3: எடுக்காமலே சரி பண்ண முடியுமா?

கேள்வி:
அப்பாவுக்கு குரல்வளையில கட்டி, ஸ்டேஜ் 3. முழுசா எடுத்துடலாம், இல்ல கீமோவும் ரேடியேஷனும் சேர்த்து குடுக்கலாம், யோசிச்சு சொல்லுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அப்பா எடுக்கவே கூடாதுன்னு ஒத்தக்கால்ல நிக்கறாரு. எனக்கு என்ன பயம்னா, பேச்சைப் பாத்து உயிரை விட்டுடுவோமோன்னு.

பதில் 1:
அந்த பயம் வேணாம் ப்ரோ. அமெரிக்காவுல முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரிகள்ல 332 பேரை வச்சு பண்ண ட்ரையல் 1991ல வெளிவந்துச்சு, ரெண்டு வருஷம் கழிச்சு பாத்தா எடுத்தவங்க, எடுக்காதவங்க ரெண்டு பக்கமும் 68 சதவீதம் பேர் உயிரோட இருந்தாங்க. 2003ல வந்த இன்னொரு ட்ரையல்ல சிஸ்பிளாட்டின்ங்கற கீமோ மருந்தை ரேடியேஷன் நடக்கும்போதே குடுத்ததுல, ரெண்டு வருஷத்துல 88 சதவீதம் பேருக்கு குரல்வளை தப்பிச்சுது. ஆனா கட்டி குருத்தெலும்பைத் துளைச்சு வெளிய வந்திருந்தா கதையே வேற, அப்போ எடுக்கறதுதான் பெரும்பாலும் சரி. ஸ்கேன் ரிப்போர்ட்ல அந்த வரியைத் தேடிப் பாருங்க.

பதில் 2:
நான் ஸ்பீச் தெரபிஸ்ட். குரல்வளை உள்ள இருக்கறது வேற, அது வேலை செய்யறது வேற. முழுங்கறப்போ சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள்ள போகாம தடுக்கறதும் அதுதான், குரல் மட்டும் இல்ல. இப்பவே தண்ணி குடிச்சா புரை ஏறுதா? அடிக்கடி ஏறுச்சுன்னா, குரல்வளையைக் காப்பாத்தியும் காலம் பூரா ட்யூப்ல சாப்பிடற நிலைமை வரலாம். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே முழுங்கற டெஸ்ட் எடுத்துடுங்க, எக்ஸர்சைஸும் முதல் நாள்லருந்து. ரேடியேஷன் வழக்கமா 35 சிட்டிங், ஏழு வாரம், கடைசி ரெண்டு வாரமும் முடிஞ்ச பிறகு கொஞ்ச நாளும் தொண்டை புண்ணாகி எச்சில் முழுங்கவே வலிக்கும், அப்பவும் டாக்டர் வேணாம்னு சொல்லாத வரைக்கும் கொஞ்சமாவது வாயால முழுங்கணும், சும்மா விட்டா தசை இறுகிடும்.

கேட்டவர்:
குருத்தெலும்பு நார்மல்னுதான் இருக்கு. புரை எப்பவாவது ஏறும், டெஸ்ட் கேக்கறேன். ஒருவேளை எடுத்தாலும் பேச முடியுமா?

பதில் 3:
எனக்கு எடுத்தாச்சு, பேசிட்டுதான் இருக்கேன். கழுத்துல இருக்கற ஓட்டையை கட்டைவிரலால மூடினா காத்து உள்ள வச்ச வால்வு வழியா போய் குரல் வருது, கரகரன்னு இருக்கும், ஆனா போன்ல கூட புரியும். குடிக்கற தண்ணி லீக்காகி இருமல் வந்தா வால்வு மாத்தற நேரம் வந்துடுச்சுன்னு அர்த்தம். அதனால அப்பாகிட்ட ரெண்டு வழியையும் சொல்லுங்க. எடுக்காம போனா செக்கப்பை விடவே கூடாது, திரும்ப வந்தா அப்பவும் எடுக்கலாம், ஆனா ரேடியேஷன் பட்ட இடத்துல புண் ஆற லேட்டாகும். அப்புறம் ஆடற பல்லு, சொத்தைப் பல்லு இருந்தா ரேடியேஷனுக்கு முன்னாடியே புடுங்கிடுங்க, பின்னாடி புடுங்கினா தாடை எலும்பு ஆறாம போகலாம். சிஸ்பிளாட்டின்னா காது டெஸ்ட், கிட்னி டெஸ்ட் ரெண்டும் கேளுங்க. சிகரெட் பழக்கம் இருந்தா இன்னிக்கே நிறுத்தச் சொல்லுங்க.