புதுப்பிப்பு: ராத்திரி மெசேஜும் என் தூக்கமும்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் நான் வேலை பார்க்கும் நிதி நிறுவனத்தில் ராத்திரி பத்து மணிக்கு மேலும் வசூல் கணக்கு கேட்டு மெசேஜ் வருகிறது, தூக்கமே போச்சு என்று போன பதிவில் புலம்பியிருந்தேன். வேலையை விடு என்றவர்கள்தான் அதிகம். வீட்டுக் கடனை யார் கட்டுவது?

ஒருவர் சொன்ன 14416-க்குப் பேசினேன். டெலி மானஸ், மனநல ஆலோசனைக்காக 2022-இல் மத்திய அரசு தொடங்கிய இலவச எண். தமிழிலேயே பேசினார்கள். அறிவுரையை அள்ளி விடவில்லை. எப்போது படுக்கிறேன், சாப்பாடு இறங்குகிறதா என்றுதான் கேட்டார்கள். அப்புறம் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போனேன். வரிசையில் தெரிந்த முகம் வந்துவிடுமோ என்று பயம். வந்தது, அவரும் அதே டாக்டரைப் பார்க்கத்தான்!

வேலைச் சோர்வை உலக சுகாதார அமைப்பு 2019-இல் நோயாக அல்ல, பணியிடம் சார்ந்த விஷயமாகத்தான் வகைப்படுத்தியது. அது தெரிந்ததும் மேனேஜரிடம் பேசத் தைரியம் வந்தது.

"அண்ணாச்சி, எட்டு மணிக்குள்ள கணக்கு அனுப்பிருதேன். அதுக்கு மேல போன எடுக்க மாட்டேன்."

"சரி, மாசக் கடைசி மட்டும் பாத்துக்கோ" என்றார்.

இப்போது எட்டரைக்கெல்லாம் போன் அடுக்களையில் அரிசி டப்பா மேல் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை வசூல்தான் இன்னும் தீரவில்லை. அதை அடுத்த மாதம் கேட்க வேண்டும்.