கழுத்து நரம்பு அழுத்தத்துக்கு உடனே அறுவை சிகிச்சை தேவையா?

கேள்வி:
வணக்கம். எனக்கு வயது 44; இருபது ஆண்டுகளாகத் தையல் தொழில் செய்கிறேன். மூன்று வாரங்களுக்கு முன் கழுத்தின் வலப்பக்கம் பிடித்துக்கொண்டது போலத் தொடங்கிய வலி, இப்போது தோள்பட்டையின் பின்புறமாக இறங்கி, முழங்கையைத் தாண்டி நடுவிரல் வரை சுள்ளென்று ஓடுகிறது, விரலும் மரத்துப்போகிறது. அண்ணாந்து பார்த்தால் வலி கூடுகிறது. கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டால் மட்டும் குறைகிறது, ஏனென்று புரியவில்லை. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் இரண்டு இடங்களில் ஜவ்வு பிதுங்கியிருப்பதாக உள்ளது. உறவினர் ஒருவர் உடனே அறுவை சிகிச்சை செய்துகொள்ளச் சொல்கிறார். இன்னொருவர் சலூனில் நெட்டி எடுத்தால் போதும் என்கிறார். எதைக் கேட்பது?

மறுமொழி 1 (இயன்முறை மருத்துவர்):
அறிக்கையைவிட உங்கள் நடுவிரல் அதிகம் சொல்கிறது. கழுத்தில் எலும்புகள் 7 என்றாலும், தண்டுவடத்திலிருந்து பிரியும் நரம்பு வேர்கள் 8 இணைகள். ஆறாவது, ஏழாவது எலும்புகளுக்கு இடையே வெளிவரும் ஏழாவது வேர்தான் மிகுதியாக அழுத்தத்துக்கு உள்ளாவது. நடுவிரலின் உணர்ச்சியும் முழங்கையை நீட்டும் தசையின் வலுவும் பெரும்பாலும் அதைச் சார்ந்தவை. கட்டைவிரல் மரத்தால் ஆறாவதையும், சுண்டுவிரல் மரத்தால் எட்டாவதையும் சந்தேகிப்போம். அண்ணாந்தால் நரம்பு வெளிவரும் துளை குறுகுகிறது. கையைத் தலைமேல் வைத்தால் வேரின் இழுவிசை தளர்கிறது. உங்கள் புதிருக்கு விடை இவ்வளவுதான்.

நாற்பதைக் கடந்தவர்களில் வலியே இல்லாத பலருக்கும் ஜவ்வுப் பிதுக்கம் படத்தில் தெரியும். ஆகவே படமும் விரலும் ஒத்துப்போனால் மட்டுமே அந்தப் பிதுக்கத்தைக் குற்றவாளியாக்க வேண்டும். அறுவை சிகிச்சை இல்லாமலேயே சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள்.

மறுமொழி 2:
எனக்கும் இதே தொல்லை இருந்தது. கழுத்துப் பட்டையை ஓரிரு வாரங்களுக்கு மட்டுமே அணியச் சொன்னார்கள். நானோ இதமாக இருக்கிறதென்று இரண்டு மாதம் கழற்றாமல் இருந்துவிட்டேன். விளைவாகக் கழுத்துத் தசைகள் தளர்ந்து, அவற்றை மீட்பதே தனி வேலையாகிவிட்டது. மருந்தைவிட எனக்கு உதவியது மேசையை உயர்த்தியதும், அரைமணிக்கு ஒருமுறை எழுந்ததும்தான்.

மறுமொழி 3 (மருத்துவர்):
நெட்டி முறிப்பது வேண்டவே வேண்டாம். கழுத்தை வேகமாகத் திருப்பும்போது மூளைக்குச் செல்லும் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரக்கூடும். அரிதுதான், ஆனால் வந்தால் மீள்வது கடினம். நடை தள்ளாடுவது, சட்டைப் பொத்தான் போட முடியாமல் விரல்கள் தடுமாறுவது, சிறுநீர்க் கட்டுப்பாடு குறைவது ஆகியவை தண்டுவடமே நெருக்கப்படுவதன் அடையாளங்கள். அவற்றில் ஒன்று தோன்றினாலும் காத்திருக்கக் கூடாது. இடக்கையில் வலி வருபவர்கள், குறிப்பாக மார்பில் அழுத்தமும் வியர்வையும் சேர்ந்தால், முதலில் இதயத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

உங்களிடம் ஒரு கேள்வி: சுவரில் இரு கைகளையும் ஊன்றித் தள்ளும்போது வலக்கை முன்னதாகத் தளர்கிறதா?

கேள்வி கேட்டவர்:
இப்போதுதான் செய்து பார்த்தேன். ஆம், வலக்கை மடங்கிவிடுகிறது. கனமான கத்தரிக்கோல் கைநழுவியதை வலியால் என்றே நினைத்திருந்தேன்.

மறுமொழி 3:
வலிக்குக் காத்திருக்கலாம், வலுக்குறைவுக்குக் கூடாது. இந்த வாரமே நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அறுவை சிகிச்சைதான் என்று பொருளல்ல. வலு மேலும் குறைகிறதா என்பதை அவர் நாள் வைத்து அளந்து பார்க்க வேண்டும்.